இரைப்பையில் காத்திருக்கும் மாத்திரை

நோய்கள் பலவும் நேரம் பார்த்தே மனிதனை வருத்துகின்றன என்பதை, ஆஸ்துமாக்காரர் ஒருவர் இருக்கும் வீட்டில் உள்ளவர்கள் எந்தச் சாஸ்திரத்தையும் படிக்காமலே அறிவார்கள். பகல் முழுவதும் ஓரளவு சுகமாக நடமாடியவர், ஊரெல்லாம் அயர்ந்து உறங்கும் பின்னிரவில், பெரும்பாலும் 4 மணியையொட்டி, மூச்சுத் திணறி எழுந்து உட்கார்ந்துகொண்டு ஜன்னலைத் திறக்கச் சொல்கிறார். முடக்குவாதத்தால் மூட்டுகள் வீங்கியவருக்கோ, முதல் நாள் மாலையில் இசைந்து கொடுத்த விரல்கள் விடிந்ததும் டம்ளரைப் பிடிக்கவும் மறுத்து, பொழுது நன்றாக ஏறிய பின்பே மெல்ல வழிக்கு வருகின்றன. மாரடைப்பும் நாளின் 24 மணி நேரத்திலும் ஒரே சீராக நிகழ்வதில்லை. காலை 6 மணிக்கும் நண்பகலுக்கும் இடைப்பட்ட வேளையிலேயே அது மிகுதியாக நேர்கிறது என்பது 1980-களில் ஏராளமான நோயாளிகளின் குறிப்புகளைக் கொண்டு நிறுவப்பட்டது.

இந்தக் காலநியதியின் மூலம் நம் தேகத்துக்குள்ளேயே இருக்கிறது. பிரெஞ்சு வானியலறிஞரான ழான்-ழாக் தொர்த்தூ த மேரான், பகலில் விரிந்து இரவில் குவியும் இலைகளையுடைய தொட்டாற்சிணுங்கி இனச் செடி ஒன்றை 1729-ஆம் ஆண்டில் இருட்டறையில் வைத்துப் பார்த்தபோது, சூரிய ஒளி சிறிதும் படாத நிலையிலும் அதன் இலைகள் உரிய வேளையில் விரிந்து குவிவதைக் கண்டார். அந்த உட்கடிகாரம் உயிரணுவுக்குள் எவ்வாறு இயங்குகிறது என்பதைப் பழ ஈக்களைக் கொண்டு விளக்கிய ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. மனிதனிடத்தில் கார்ட்டிசால் என்னும் சுரப்பு நள்ளிரவையொட்டித் தாழ்ந்து, இரவின் பிற்பாதியில் ஏறத் தொடங்கி, விழிக்கும் வேளையில் உச்சம் அடைகிறது. முடக்குவாதக்காரரின் உடலிலோ, அந்தச் சுரப்பு போதிய அளவு எழும் முன்னரே, அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின்-6 போன்ற பொருள்கள் பின்னிரவில் பெருகிவிடுகின்றன. காலையில் அவர் படும் வேதனைக்கு இரவு 2 அல்லது 3 மணிக்கே வித்து ஊன்றப்பட்டுவிடுகிறது.

ஆகவே அவருக்குரிய ஔஷதமும் அந்த வேளையிலேயே இரத்தத்தில் இருக்க வேண்டும். ஆனால், காலை 8 மணிக்கு மருந்து கொடுத்தால் அழற்சி தன் வேலையை முடித்த பின்பு அது போய்ச் சேருகிறது. இரவு 10 மணிக்குக் கொடுத்தாலோ தேவைப்படும் நேரம் வருமுன்னே பெரும்பகுதி செலவாகிவிடுகிறது. 2 மணிக்கு நோயாளியை எழுப்பிக் கொடுப்பதென்றால், நோயினாலேயே குறைந்துபோன உறக்கத்தை மருந்தினாலும் கெடுத்தவர்களாவோம். உறங்குமுன் விழுங்கிய மாத்திரை, விழுங்கியவர் உறங்கிக்கொண்டிருக்கையில், சில மணி நேரம் சும்மாயிருந்து பிறகு தானே திறந்துகொள்ளுமானால் இந்தச் சங்கடம் தீரும். அத்தகைய மாத்திரையைச் செய்வது எங்ஙனம் என்பதே மருந்தாக்கக் கலையில் கடந்த நாற்பது ஆண்டுகளாக மிகுந்த சிரத்தையோடு ஆராயப்பட்டுவரும் விஷயங்களில் ஒன்று.

இது வெறுங்கனவு அன்று என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. பிரெட்னிசோன் என்னும் பழகிய ஸ்டெராய்டு மருந்தை நடுவில் வைத்து, அதைச் சுற்றி மருந்தில்லாத ஓர் ஓட்டை அழுத்தி அமைத்து, இரவு 10 மணியளவில் உணவோடு விழுங்கினால் ஏறத்தாழ 4 மணி நேரம் கழித்து மருந்தை வெளிவிடும்படி செய்யப்பட்ட மாத்திரை, ஐரோப்பாவில் லோடோட்ரா என்ற பெயரிலும், 2012-இல் அனுமதி பெற்று அமெரிக்காவில் ரேயோஸ் என்ற பெயரிலும் விற்பனைக்கு வந்தது. அதன் பயனைச் சோதிக்க 288 முடக்குவாத நோயாளிகளைக் கொண்டு 12 வாரம் நடத்தப்பட்ட பரீட்சையின் முடிவு 2008-இல் லான்செட் இதழில் வெளியாயிற்று. அதே பிரெட்னிசோனை வழக்கம்போல் காலையில் உட்கொண்டவர்களுக்குக் காலைநேர மூட்டுவிறைப்பின் கால அளவு 0.4 விழுக்காடே குறைய, இரவில் இந்தத் தாமத மாத்திரையை விழுங்கியவர்களுக்கு அது 22.7 விழுக்காடு குறைந்திருந்தது. புதிய மருந்து எதுவும் இங்கே கண்டுபிடிக்கப்படவில்லை. அரை நூற்றாண்டுக்கு மேலாக வைத்தியர்கள் கையாண்டுவந்த பழைய மருந்து, கொடுக்கப்பட்ட வேளை மாறியதனால் மட்டுமே கூடுதலாக உதவியது. மருந்தின் அளவைப் பற்றி நாம் காட்டும் கண்டிப்பில் பாதியைக்கூட அதன் வேளையைப் பற்றி இதுகாறும் காட்டவில்லை என்பது என் அபிப்பிராயம்.

எவ்வளவு நேரம் கழித்துத் திறக்கவேண்டும் என்பதை மட்டுமே லோடோட்ரா அறியும், எந்த இடத்தில் திறக்கிறோம் என்பதை அறியாது. பிரெட்னிசோன் குடலில் நன்றாக உறிஞ்சப்படும் மருந்தாகையால் அங்கே அதனால் பெரிய தீங்கில்லை. எல்லா மருந்துகளும் அத்தகைய தாராள சுபாவம் கொண்டவை அல்ல. பார்க்கின்சன் நோய்க்குரிய லெவோடோபா சிறுகுடலின் மேற்பகுதியிலேயே உறிஞ்சப்படுகிறது. நீரிழிவுக்காரர்களுக்குப் பழக்கமான மெட்ஃபார்மினும் பெரும்பாலும் அத்தகையதே. இரத்த அழுத்தத்துக்கும் நெஞ்சுவலிக்கும் கொடுக்கப்படும் வெரபமில், அமிலத்தில் எளிதாகக் கரைந்து, அமிலம் நீங்கிய குடற்பகுதியில் கரைய மறுக்கிறது. இரைப்பையை விட்டு நீங்கிய எந்த மாத்திரையும், சிறியதோ பெரியதோ, சிறுகுடலை ஏறத்தாழ 3 முதல் 4 மணி நேரத்தில் கடந்து பெருங்குடலை அடைந்துவிடுகிறது என்பது திரும்பத் திரும்ப அளந்து காணப்பட்ட உண்மை. பெருங்குடலிலோ திரவம் மிகக் குறைவு, இருப்பதும் கெட்டியானது, கணக்கற்ற நுண்ணுயிர்கள் வேறு அங்கே குடியிருக்கின்றன. 5 மணி நேரத் தாமதம் வேண்டிச் செய்யப்பட்ட மாத்திரை, வெறும் வயிற்றில் விழுங்கப்பட்டு அரை மணியில் இரைப்பையைக் கடந்துவிட்டால், திறக்கும் தருணத்தில் அது பெருங்குடலின் வாயிலில் கிடக்கும். கனமான உணவுக்குப் பின் விழுங்கப்பட்டால் அதே மாத்திரை அதே நேரத்தில் இன்னும் இரைப்பையிலேயே இருக்கும். வேளை தவறாமல் திறந்தும் இடம் தவறிப்போனால் மருந்து வீணாகிறது.

எனவே காத்திருக்க வேண்டிய மாத்திரையை, காத்திருக்கும் காலம் முழுவதும் இரைப்பையிலேயே தங்கவைக்க முடியுமா என்ற கேள்வி எழுந்தது. இரைப்பையோ எதையும் நெடுநேரம் வைத்துக்கொள்ளும் இயல்பில்லாதது. வயிறு வெறுமையாக இருக்கும்போது 90 முதல் 120 நிமிடங்களுக்கு ஒருமுறை இரைப்பையிலிருந்து சிறுகுடலின் இறுதிவரை ஓர் அசைவு அலை புறப்பட்டுச் செல்கிறது. 1969-இல் ஷர்ஷெவ்ஸ்கி என்னும் அமெரிக்க உடலியலறிஞர் நாய்களிடத்தில் விளங்கக் கண்டு விவரித்த இந்தச் சக்கரத்தில், முதலில் நெடுநேர அமைதியும், பின்பு விட்டுவிட்டு எழும் சுருக்கங்களும், முடிவில் சில நிமிடங்களே நீடிக்கும் மிகக் கடுமையான சுருக்கங்களும் முறையே வருகின்றன. அந்தக் கடைசிக் கட்டத்தில் இரைப்பையின் கீழ்வாயில் நன்கு திறந்துகொள்ள, முந்திய உணவின் சக்கையும், செரியாத துணுக்குகளும், அகப்பட்ட மாத்திரையும் ஒருங்கே கீழே தள்ளப்படுகின்றன. உணவு உட்கொண்டதும் இந்த அலைகள் நின்றுவிடுகின்றன. அப்போது கீழ்வாயில் ஒடுங்கி, ஏறக்குறைய 2 மில்லிமீட்டருக்கும் குறைவாக அரைபட்ட துகள்களையே சிறுகச் சிறுக வெளியே விடுகிறது. இரைப்பையில் தங்கவேண்டிய மாத்திரையை உணவுக்குப் பின்பே விழுங்கவேண்டும் என்னும் நிபந்தனை இதிலிருந்து பிறந்தது. மற்றெந்த யுக்தியும் இந்த ஒரு நிபந்தனைக்கு ஈடாகாது.

அதன்மேல் கையாளப்படும் யுக்திகளுள் எளியதும் அழகியதும் மிதத்தல். கீழ்வாயில் இரைப்பையின் அடியிலே இருப்பதால், திரவத்தின் மேற்பரப்பிலே மிதக்கும் வஸ்து அதனின்று விலகியே இருக்கும் என்பது இதன் அடிப்படை. மிதக்கும் மருந்து ஒன்றை டேவிஸ் என்பவர் 1968-இல் காப்புரிமைப் பத்திரம் ஒன்றில் விவரித்தார். அடுத்த பத்தாண்டில் ஹாஃப்மன்-லா ரோச் நிறுவனத்தைச் சேர்ந்த ஷேத், டொசூனியன் ஆகியோர் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தனர். லெவோடோபா அடங்கிய மாடோபார் எச்.பி.எஸ். என்னும் மிதவை மருந்து பல தேசங்களில் பார்க்கின்சன் நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டுவருகிறது. சாதாரண மாடோபாரைக் காட்டிலும் அதிலிருந்து உறிஞ்சப்படும் பங்கு குறைவாகையால் வைத்தியர்கள் அளவைக் கூட்ட வேண்டியிருக்கிறது என்பதையும் உடன் சொல்வதே நேர்மை. நம் நாட்டில் ரான்பாக்ஸி நிறுவனம் சிப்ரோஃப்ளாக்ஸாசின் என்னும் நோய்க்கிருமிக்கொல்லியை நாளைக்கு ஒரு வேளையாகக் கொடுக்கும்படி அமைத்த சிஃப்ரான் ஓ.டி. மாத்திரையும் வாயுவை உண்டாக்கி மிதக்கும் வகையைச் சேர்ந்ததே.

ஒரு மாத்திரை மிதப்பதற்கு வேண்டியது எவ்வளவு சொற்பம் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. இரைப்பைத் திரவத்தின் அடர்த்தி, கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.004 கிராம். இயந்திரத்தில் இறுக அழுத்தி எடுத்த 500 மில்லிகிராம் மாத்திரையின் அடர்த்தி 1.25 என்று வைத்துக்கொண்டால், அதன் பருமன் 0.4 மில்லிலிட்டர் ஆகிறது. விழுங்கியவுடன் அது மூழ்கிவிடும். எடை மாறாமல் பருமன் மட்டும் 0.5 மில்லிலிட்டராக வளர்ந்தால் அது மேலே வந்துவிடும், அஃதாவது 0.1 மில்லிலிட்டர் வாயு, நல்ல மழைத்துளி ஒன்றின் அளவு, அதனுள் தங்கினால் போதுமானது. நம் அடுக்களையிலிருக்கும் ஆப்பச்சோடாவாகிய சோடியம் பைகார்பனேட் அமிலத்தோடு சேர்ந்தால் கரியமிலவாயு உண்டாகிறது. அதில் 84 மில்லிகிராம், உடலின் வெப்பநிலையில், 25 மில்லிலிட்டருக்குச் சற்று மேற்பட்ட வாயுவைத் தரும். ஒரே ஒரு மில்லிகிராமிலிருந்து ஏறத்தாழ 0.3 மில்லிலிட்டர்! தேவையைப்போல் மூன்று மடங்கு. அவ்வாறிருந்தும் மிதவை மாத்திரைகளில் பல பத்து மில்லிகிராம் பைகார்பனேட்டைச் சேர்க்கிறார்கள் என்றால், உண்டான வாயுவில் மிகப் பெரும்பகுதி வெளியே ஓடிவிடுகிறது என்பதே அதன் பொருள். வாயுவை உண்டாக்குவது எளிது. அதைப் பிடித்துவைப்பதிலேதான் வித்தை இருக்கிறது.

அரைத்து வைத்த இட்லி மாவு இரவில் பொங்குவதும் இந்த வித்தையினாலேயே: நுண்ணுயிர்கள் வெளியிடும் கரியமிலவாயுவை உளுந்தின் வழவழப்பு தப்பவிடாமல் தாங்குகிறது; அரிசியை மட்டும் அரைத்துவைத்தால் அவ்வாறு பொங்குவதில்லை. உளுந்தின் ஸ்தானத்தை மாத்திரையில் வகிப்பது, மரநாரிலிருந்தும் பருத்தியிலிருந்தும் பெறப்படும் செல்லுலோஸை ரசாயன மாறுதலுக்கு உட்படுத்திச் செய்த ஹைட்ராக்ஸிபுரோபைல் மெத்தில்செல்லுலோஸ் என்னும் தூள். நீர் பட்டதும் அதன் மேற்பரப்பு சில நிமிடங்களில் கூழாகி, உள்ளே எழும் குமிழிகளைச் சிறைப்படுத்துகிறது. கூழ் நீர்த்திருந்தால் வாயு துளைத்துக்கொண்டு போய்விடும். மிகவும் கெட்டியாக இருந்தால் நீர் உட்புகவே நேரமாகி, மாத்திரை மிதக்கத் தொடங்குமுன் கீழ்வாயிலை நெருங்கிவிடும். பைகார்பனேட் மிகுந்துபோனால் வாயுவின் நெருக்குதல் கூழையே கிழித்துவிடும். இன்னொரு விஷயமும் கவனிக்கத்தக்கது. எல்லார் இரைப்பையிலும் எப்போதும் அமிலம் இருக்கும் என்று நம்பிவிட முடியாது. உணவு உண்டதும் அமிலம் தணிகிறது, அமிலச் சுரப்பை அடக்கும் மாத்திரைகளை நாள்தோறும் விழுங்குகிறவர்களும் எண்ணற்றவர்கள். ஆகவே எச்சரிக்கையுள்ள மருந்தாக்குநர்கள் பைகார்பனேட்டோடு சிட்ரிக் அமிலத்தையோ டார்டாரிக் அமிலத்தையோ மாத்திரைக்குள்ளேயே சேர்த்துவிடுகிறார்கள். நீர் மட்டும் கிடைத்தால் போதும், வாயு எழுந்துவிடும்.

மிதத்தலோடு தாமதத்தையும் சேர்க்க வேண்டும் என்னும்போதுதான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. தாமதத்தை உண்டாக்க வழிகள் பல இருப்பினும் அவற்றுள் இரண்டு முதன்மையானவை. முதலாவது, மருந்தைச் சுற்றிக் கூழாகும் பொருளால் தடித்த உறை அமைத்து, அது வெளியிலிருந்து மெல்லக் கரைந்து தேய்ந்து தீரும்வரை மருந்தை மறைத்துவைப்பது. மிலான் நகரில் கஸானிகா முதலானோர் உருவாக்கிய குரோனோடாபிக் என்னும் முறை இத்தகையது. உறையின் கனத்தைக் கூட்டக் கூட்டத் தாமதமும் நீளும். இரண்டாவது, எத்தில்செல்லுலோஸ் போன்ற நீரில் கரையாத பொருளால் உறையிட்டு, அதன் நுண்துளைகளின் வழியே நீரை மிக மெதுவாகக் கசியவிட்டு, உள்ளே மருந்தோடு கலந்துவைத்திருக்கும் வீங்கும் தூளை அந்த நீரினால் உப்பச்செய்து, உறையை ஒரே வீச்சில் வெடிக்கவைப்பது. கிராஸ்போவிடோன், கிராஸ்கார்மெல்லோஸ் முதலிய அந்தத் தூள்கள், சாதாரண மாத்திரைகளை விழுங்கியவுடன் உதிரச்செய்வதற்காக எப்போதும் சேர்க்கப்படுபவைதாம். இங்கே அவற்றையே வெடிமருந்தின் ஸ்தானத்தில் பிரயோகித்தார்கள். தேய்ந்து தீரும் உறை மருந்தைச் சற்றுக் கசியவிட்டு நிதானமாகத் திறக்கும். வெடிக்கும் உறை கடைசிக் கணம்வரை ஒன்றும் விடாமல் காத்துப் பின்பு அனைத்தையும் ஒருங்கே கொட்டும். மூச்சுத் திணறலைப்போல் குறித்த வேளையில் திடீரென வரும் உபாதைக்குப் பிந்தியதே பொருந்தும் என்பார்கள்.

இப்போது இரு தேவைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அவற்றின் விரோதம் புலனாகும். மிதப்பதற்கு நீர் உடனே உட்புக வேண்டும். புகுந்தால்தான் கூழ் உண்டாகும், வாயு எழும். தாமதிப்பதற்கோ நீர் உட்புகவே கூடாது. புகுவதாயினும் மணிக்கணக்கில் தயங்கித் தயங்கிப் புக வேண்டும். இறுக அழுத்தினால் உறை உறுதிப்பட்டுத் தாமதம் நீளும், ஆனால் அடர்த்தி கூடி மாத்திரை மூழ்கும். தளர அழுத்தினால் இலேசாக மிதக்கும், ஆனால் தூள்களின் இடுக்குகளின் வழியே நீர் ஓடிப்போய்க் குறித்த நேரத்துக்கு முன்பே மருந்தைக் கரைத்துவிடும். பைகார்பனேட்டை உறையோடு கலந்தால் அது கரைந்து விலகிய இடமெல்லாம் துளையாகி நீருக்கு வழிவிடுகிறது. ஒன்றைச் சரிசெய்யப் போனால் மற்றொன்று கெடுகிறது. ஒரே பொருளைக் கொண்டு, ஒரே அடுக்கைக் கொண்டு இரண்டையும் சாதிக்க முனைந்தவர்கள் இளைத்துப்போனார்கள்.

இதற்குக் கண்ட உபாயம், கடமைகளைப் பிரித்து வெவ்வேறு அடுக்குகளிடம் ஒப்படைப்பது. நடுவே, மருந்தும் வீங்கும் தூளும் சேர்ந்த சிறிய கருமாத்திரை. அதைச் சுற்றிலும் எத்தில்செல்லுலோஸோ, தேய்ந்து கரையும் செல்லுலோஸோ சேர்ந்த காவல் உறை. அதன் ஒரு முகத்தின்மேல் மட்டும், மருந்து சிறிதும் இல்லாத, பைகார்பனேட்டும் கூழ்த்தூளும் நிறைந்த மிதவை அடுக்கு. விழுங்கிய சில நிமிடங்களில் மிதவை அடுக்கு வீங்கி முழு மாத்திரையையும் மேலே தூக்கிக்கொண்டு போகிறது; அது மேற்புறமாக நின்றுகொள்ள, காவல் உறையின் திறக்கவேண்டிய முகம் கீழ்நோக்கித் திரவத்தில் அமிழ்ந்திருக்கிறது; அங்கே நீர் தன் நிதானப்படி கசிந்து, 4 அல்லது 5 மணி நேரத்தில் கருவை எட்டி உறையைப் பிளக்கிறது. வெளிவந்த மருந்து கீழே கலந்து, சிறுகுடலின் மேற்பகுதிக்குப் புதிதாய் விழுங்கிய மருந்தைப்போலவே போய்ச் சேருகிறது. மின்சாரம் இல்லை, சக்கரம் இல்லை, அசையும் உறுப்பு ஒன்றுமில்லை; நான்கைந்து தூள்களும் அவற்றை வைத்த இடமுமே இத்தனை காரியத்தையும் வரிசை பிசகாமல் நடத்துகின்றன. மருந்தாக்கத்தை வெறும் கலவைத் தொழில் என்று எண்ணுகிறவர்கள், இந்த மாத்திரை ஒன்றைக் குறுக்கே வெட்டி அதன் அடுக்குகளைப் பார்த்தால் தங்கள் எண்ணத்தை மாற்றிக்கொள்வார்கள்.

வரைபடத்தில் எளிதாகத் தோன்றும் இதை இயந்திரத்தில் ஆயிரக்கணக்கில் செய்து தள்ளுவது கடினம். அச்சுக்குழியில் முதலில் உறைத்தூளைக் கொட்டி, அதன்மேல் கருமாத்திரையைச் சரியாக நடுவில் வைத்து, மறுபடியும் தூளைக் கொட்டி, அதன் பின்பே அழுத்த வேண்டும். கரு ஒரு பக்கமாக அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் அப்பக்கத்து உறை மெலிந்து, நீர் அவ்வழியே விரைவாக நுழைந்து, 5 மணி நேர மாத்திரையை 3 மணி நேர மாத்திரையாக்கிவிடும். வெளியே பார்ப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

செய்த மாத்திரையைச் சோதிக்க ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் கலம் ஒன்று உண்டு; அதில் 900 மில்லிலிட்டர் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை 37 டிகிரி வெப்பத்தில் வைத்து, துடுப்பொன்றை நிமிடத்துக்கு 50 முறை சுழலவிட்டு, மாத்திரை எத்தனை விநாடியில் மேலெழுகிறது, எத்தனை மணி நேரம் மிதக்கிறது, எப்போது திறக்கிறது என்று குறித்துக்கொள்கிறார்கள். உண்மையான இரைப்பையில் ஒரு சமயத்தில் அத்தனை திரவம் இருப்பதில்லை. வெறும் வயிற்றில் சில பத்து மில்லிலிட்டரே இருக்கும். கலத்தில் சுருக்கங்கள் இல்லை, உணவு இல்லை, உறக்கம் இல்லை. 1822-இல் மாக்கினாக் தீவில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்த அலெக்ஸிஸ் செயின்ட் மார்ட்டின் என்பவருக்கு வயிற்றுக் காயம் மூடாமல் துவாரமாகவே நின்றுவிட, அமெரிக்க ராணுவ வைத்தியரான வில்லியம் பியூமான்ட் அதன் வழியே ஜீரணத்தைப் பல்லாண்டு பிரத்தியட்சமாகக் கண்டு 1833-இல் நூலாக வெளியிட்டார். அத்தகைய துவாரம் இக்காலத்து ஆராய்ச்சியாளருக்குக் கிடைப்பதில்லை. டெக்னீசியம்-99எம் என்னும் குறுகிய ஆயுளுடைய கதிரியக்கப் பொருளைச் சிறிதளவு மாத்திரையில் சேர்த்து, உடலுக்கு வெளியே வைத்த காமா படக்கருவியால் அது போகும் வழியைப் பின்தொடர்கிறார்கள்.

அவ்வாறு பின்தொடர்ந்ததில் வெளிப்பட்ட உண்மையே இந்த முயற்சி முழுவதையும் கேள்விக்கு உள்ளாக்கக்கூடியது. நிற்கும் மனிதனுக்கு மட்டுமே இரைப்பையின் கீழ்வாயில் கீழே இருக்கிறது. படுத்துவிட்டால் மேலும் கீழும் இடம் மாறிவிடுகின்றன. டிம்மர்மன்ஸ், மோயஸ் என்னும் பெல்ஜிய ஆய்வாளர்கள் 1990-களில் கண்டபடி, நிமிர்ந்திருப்பவர்களின் இரைப்பையில் மிதக்கும் மருந்துகள் மூழ்குபவற்றைக் காட்டிலும் நெடுநேரம் தங்கின. மல்லாந்து படுத்திருப்பவர்களிடத்தில் அந்த மேன்மை மறைந்து, உருவத்தில் பெரியதே அதிக நேரம் தங்கியது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், மிதந்து படலமாகும் அமிலமுறிவு மருந்து ஒன்றை வைத்து பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் இன்னும் நுட்பமான வேறுபாட்டைக் கண்டார்கள். கீழ்வாயில் உடலின் வலப்புறத்தில் இருப்பதால், இடப்பக்கமாகப் படுத்தவருக்கு அது மேலே வந்துவிடுகிறது. மிதக்கும் படலம் நேரே அதனிடம் போய்ச் சேர்ந்து, உணவுக்கும் முன்பாக வெளியேறிவிடுகிறது. வலப்பக்கமாகப் படுத்தவருக்கோ படலம் எதிர்க்கோடியில் நின்று தங்குகிறது. உறங்குகிறவனுக்கென்று செய்த மாத்திரை, உறங்குகிறவனிடத்திலேதான் ஆட்டங்காணுகிறது! பகலில் கொடுக்கும் மிதவை மருந்துகளுக்கு இது சிறு குறை. இரவில் காத்திருக்க வேண்டிய மிதவை மருந்துக்கோ இது உயிர்நிலை. இத்துறையில் வெளிவரும் கட்டுரைகளில் கண்ணாடிக் கலத்தின் அட்டவணைகள் பக்கம் பக்கமாக நிறைந்திருக்க, படுக்கையைப் பற்றிய பேச்சு அருகியே காணப்படுவது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

வேளை பார்த்துக் கொடுப்பதே எல்லா நோய்க்கும் மேலானது என்ற உற்சாகத்துக்கும் ஓர் எல்லை வேண்டும். இரத்த அழுத்த மருந்துகளை இரவில் உட்கொள்வதே சிறந்தது என்னும் கருத்து வலுத்திருந்த காலத்தில், பிரிட்டனில் 21,104 பேரைக் கொண்டு, காலையில் உட்கொள்பவர் ஒரு பிரிவு, மாலையில் உட்கொள்பவர் ஒரு பிரிவு என்று வகுத்து நடத்திய டைம் என்னும் பெரும் பரீட்சையின் முடிவு 2022-இல் வெளியாயிற்று. மாரடைப்பு, பக்கவாதம், இருதய நோயால் நேரும் மரணம் ஆகியவற்றில் இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை. நாள் முழுவதும் உடலில் நிலைத்திருக்கும் மருந்துகளுக்கு வேளை பெரிதாகத் தோன்றாதது இயற்கையே. உபாதை குறித்த வேளையில் எழுவது, மருந்து விரைவில் செலவாவது, உறிஞ்சப்படும் இடம் குறுகியது ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த இடத்தில் மட்டுமே மிதந்து காத்திருக்கும் மாத்திரைக்கு நியாயம் உண்டு. அத்தகைய இடங்கள் சிலவே.

அந்தச் சில இடங்களுக்காக உழைப்பவர்களில் நம் தேசத்து மருந்தியல் கல்லூரிகளைச் சேர்ந்தவர்கள் பலர். புனே நகரத்து ஆய்வாளர்கள், பழத்தோலிலிருந்து கிடைக்கும் பெக்டினைக் கால்சியத்தோடு இறுகச்செய்து, உள்ளே வாயு நிறைந்து குழிவான நுண்மணிகளை ஆக்கி, டைக்ளோஃபெனாக் என்னும் வலிநீக்கியை அவற்றுள் வைத்து, 2007-இல் வெளியிட்டார்கள். அமிலத்தில் மிதக்கும்வரை மருந்தை அடக்கிவைத்து, அமிலம் நீங்கிய திரவத்தை அடைந்ததும் அம்மணிகள் விரைவாக வெளிவிட்டன. ஒற்றை மாத்திரை தவறான வேளையில் கீழ்வாயிலைக் கடந்துவிட்டால் அன்றைய மருந்து முழுவதும் தவறிவிடும். நூற்றுக்கணக்கான மணிகளில் சில நழுவிப்போனாலும் மிச்சமுள்ளவை தம் காரியத்தைச் செய்யும். இடப்பக்கம் புரண்டு படுக்கும் நோயாளியை நினைத்தால், எதிர்காலம் இத்தகைய மணிகளுக்கே என்று தோன்றுகிறது. மிதவையோடு பெரிய உருவத்தையும் சேர்த்து, நீரில் விரிந்து கீழ்வாயிலுக்குள் அடங்காதபடி வீங்கும் மாத்திரைகளைச் செய்வோரும் தம் பக்கத்து நியாயத்தைச் சொல்லக்கூடும். இரண்டில் எது மேல் என்பதைக் காமா படக்கருவியே தீர்த்துவைக்க வேண்டும். அந்தப் பரீட்சைக்கு உட்படுகிறவர்கள் பகலில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியமான வாலிபர்களாக இருந்தால் போதாது. இரவு உணவை முடித்துக்கொண்டு, தத்தம் வழக்கப்படி ஒருக்களித்தும் புரண்டும் உறங்குகிற முதியவர்களும், மூட்டுவாதக்காரர்களும், ஆஸ்துமாக்காரர்களும் அதில் இருக்க வேண்டும். ஏனெனில் அந்த மாத்திரையை விழுங்கப்போகிறவர்கள் அவர்களே.